மாமாவுக்குத் தனிப் பேணி

பத்து வயதில் எனக்கு எல்லோர் மீதும் சந்தேகம். அதிகம் சந்தேகப்பட்டது மாமாவை. அம்மாவின் தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மெண்டின் ஹோலைப் பிடித்துக்கொண்டவர். அவர் படுத்துத் தூங்கி நான் கண்டதில்லை. சோபாவில் உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் கவிழ்ந்தபடிதான் கண்ணை மூடுவார். எங்கள் கதைகளை ஒட்டுக்கேட்கத்தான் இந்த வேஷம் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். மிசிசாகாவில் பிடித்துக் கொடுத்த வேலைக்குப் போகப் பஞ்சிப்பட்டுச் சோம்பிக் கிடக்கிறான் என்பது அப்பாவின் கட்சி.

அம்மா மீதும் சந்தேகம்தான். மாமா தேத்தண்ணி குடிக்க மட்டும் தனியாக ஒரு சில்வர் பேணி, சாப்பிடத் தனித் தட்டு. நாங்கள் தொடக்கூடாது. அம்மாவே சுடுதண்ணீர் ஊற்றித் தனியாகக் கழுவி வைப்பார். எனக்கோ விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் கப். நேற்று வந்தவருக்கு இந்த மவுசா என்று வயிறெரிந்தது. ஏன் என்று கேட்டால், வெளியில் மூச்சும் விடக்கூடாது என்று அதட்டினார். அதோடு சந்தேகம் இன்னும் முற்றியது.

ஒரு காலை லிஃப்ட் பழுது. படியேறி வந்த மாமா கதவடியில் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் ஊசி விட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். மறுநாள் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

மொழிபெயர்க்க ஆஸ்பத்திரியே ஒரு தமிழ் அன்ரியை ஒழுங்கு செய்திருந்தது. அவர் வந்ததும் வராததுமாக, அக்கா எந்த ஊர் என்று அன்பாகக் கேட்டார். அம்மாவின் முகம் இறுகிப்போனது. ஊரைச் சொன்னால் ஆட்களைத் தெரிந்துவிடும். ஆட்களைத் தெரிந்தால், மாமாவுக்குக் கல்யாணம் பேசிவைத்திருந்த, விட்பியில் இருக்கும் பெண்வீடு வரை கதை போய்விடும்.

டாக்டர் சொல்லச் சொல்ல அன்ரி தமிழில் சொன்னார். இதயத்தைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. அதில் நீர் நிறைந்து இதயத்தை விரியவிடாமல் நெரித்திருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டும், முன்னால் குனிந்தால்தான் கொஞ்சம் சுகம். தண்ணீரை எடுத்தாயிற்று, ஆனால் ஏன் வந்தது என்று தெரியவேண்டும். வைரஸ் காய்ச்சல், சிறுநீரக வருத்தம், புற்றுநோய், ஊரில் கசம் என்று சொல்லும் சயரோகம், எதுவாகவும் இருக்கலாம். காரணம் தெரிந்து மருந்து கொடுத்தால் சுகமாக நல்ல வாய்ப்பிருக்கிறது. தெரியாமல் விட்டால் தண்ணீர் திரும்ப ஊறும், பை தடித்து இதயத்தை இறுக்கும், ஆளுக்கே ஆபத்து.

"முந்தி எப்பவாவது கசத்துக்கு வைத்தியம் செய்தவரோ?" என்று அன்ரி கேட்டார்.

"சீச்சீ, எங்கடை குடும்பத்திலை உதெல்லாம் இல்லை," என்றார் அம்மா. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவுக்கு விளங்காத ஆங்கிலத்தில் டாக்டரிடம் கோள்மூட்டினேன்: மாமாவுக்கு மட்டும் தனிப் பேணி, தனித் தட்டு, எங்களைத் தொடவே விடமாட்டார்கள். மாமாவின் உயிரைக் காப்பாற்றும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை, பேணிக்கு நியாயம் வேண்டும், அவ்வளவுதான். டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அன்ரிக்குப் பிடிபட்டது. எங்கள் ஊரில் எந்த வருத்தக்காரருக்கு அப்படித் தனிப் பாத்திரம் வைப்பார்கள் என்று டாக்டரிடம் மெல்லச் சொன்னார்.

"என்ன சொன்னவள் பிள்ளை?" என்று அன்ரியைக் கேட்டபடி அம்மா என்னை முறைத்தார்.

"பிள்ளை ஒண்டும் சொல்லேல்லை அக்கா. கசமோ எண்டு சோதிச்சுப் பாக்கச் சொல்லி நான்தான் சொன்னனான்."

பச்சைப் பொய். பெரிய ஆட்கள் அத்தனை பேரும் கள்ளர் என்ற என் முடிவு அந்த இடத்தில் உறுதியானது.

சோதித்தார்கள். கசம்தான். ஊரில் பாதியில் விட்ட மருந்தை மாமா இங்கே மாதக்கணக்கில் ஒழுங்காக எடுத்தார். தண்ணீர் திரும்பவில்லை, மல்லாந்து படுத்துக் குறட்டை விடத் தொடங்கினார். கல்யாணம்தான் நின்றுபோனது. பெண்வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து உண்மையைச் சொன்னது தான்தான் என்று மாமா சத்தியம் செய்தும் அம்மா நம்பவில்லை. எல்லாம் அந்த அன்ரியின் வேலை என்று கரித்துக்கொட்டினார். கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அன்ரி ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. அம்மாவின் பின்னால் போகும் என்னைப் பார்த்து மட்டும் சிரிப்பார்.

எனக்கு விழவேண்டிய ஏச்சைத்தான் அவர் வாங்கிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. பொய் பிடிபட்ட கூச்சத்தில் இளிக்கிறார் என்று நினைத்து, அம்மாவைப் போலவே நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.