குழந்தைவேலுவின் ஏழு நாள் துறவு

குழந்தைவேலு பேசினால் வார்த்தைகளுக்கு நடுவே காற்றுகூடப் புகாது. "காஞ்சனாசாப்ட்டியாமணியென்ன" என்று ஒரே மூச்சில் வரும். மகள் காஞ்சனா சிறு வயதிலிருந்தே அதை மனதுக்குள் பிரித்துக்கொண்டுதான் பதில் சொல்வாள்.

அவர் கூலிம் நகரின் தொழிற்சாலை ஒன்றில் காவலாளி. மகள் பட்டம் வாங்கினால் ஏழு நாள் துறவியாக இருப்பதாக, பாலிங் ஊர்ப் பக்கத்துச் சயாம் பௌத்தக் கோயிலில் வேண்டிக்கொண்டார்.

"நம்ம மாரியம்மா என்ன செத்தா போச்சு?" என்றாள் மனைவி குணவதி.

"அங்க ஏற்கனவே உன் பேர்ல பால்குடம் பாக்கி இருக்குலா."

பட்டம் வந்தது, வேலை வரவில்லை. வேண்டுதல் தீராததால்தான் என்றார் அவர். காஞ்சனா நம்பவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நேர்காணலுக்குப் பிறகும் அதுதான் நினைவுக்கு வந்தது. படித்ததற்கு அர்த்தம் இவ்வளவுதானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

துறவு ஏற்க, பாலி மொழியில் இரண்டு விதமாகச் சரணம் சொல்ல வேண்டும். சேர்த்துச் சொன்னால் கடைசி ஒலி மூக்கில் கரைந்து 'புத்தங் சரணங் கச்சாமி' ஆகும். அடுத்தது நிறுத்தி, உதடு மூடி: 'புத்தம். சரணம். கச்சாமி.' முதலாவதை அவர் பிறவி மேதைபோலச் சொன்னார். இரண்டாவதும் முதலாவதாகவே வந்தது.

எந்த வேண்டுதலுக்கும் முதலில் முடி இறக்கியாக வேண்டும் என்பது அவர் கணக்கு. அதனால் ஒத்திகைக்கே மொட்டை போட்டு, சயாம் வழக்கப்படி புருவத்தையும் மழித்துக்கொண்டு போனார். மறுநாள் தொழிற்சாலையில் முகம் பார்த்துக் கதவு திறக்கும் இயந்திரம் அவரை ஏற்கவில்லை. காவலாளியை உள்ளே விட இன்னொரு காவலாளி வர வேண்டியிருந்தது. புருவம் வளர்ந்தது. அடுத்த ஒத்திகைக்கு மறுபடியும் மழித்தார்.

"போதும் அண்ணே, நான் ஏத்துக்கிறேன்," என்றார் தலைமைத் துறவி, மலாய் மொழியில்.

"பால்குடத்த பாதி வழியில இறக்கி வைக்கலாமா, சாமி?"

திரும்பும் வழியில் காஞ்சனா காரை ஓட்டியபடியே கேட்டாள்: "அவரே சரின்னுட்டாரு. உங்களுக்கென்னப்பா?"

"தப்பா சொன்னா உன் பட்டம் ஒட்டாது."

"படிச்சது நான்பா. உங்க உதடு இல்ல."

வீடு இருக்கும் திகாம் பத்து ஊர் வரை அவர் வாயை மூடித் திறந்து பழகிக்கொண்டே வந்தார்.

அடுத்த ஒத்திகைக்கு முன்பே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த பிறகு, காஞ்சனாவுக்குக் கூலிமில் வேலை கிடைத்தது. அவள் நேரே சயாம் கோயிலுக்கு, தலைமைத் துறவியிடம் போனாள்.

"அப்பாவுக்குப் பதிலா நான் சொல்லலாமா?"

"வேண்டினவர்தான் சொல்லணும், தங்கச்சி."

"அப்ப என் வேலை ஒட்டுமா?"

"அது எனக்குத் தெரியாதுலா. சம்பளம் வருதா?"

"வருது."

துறவி அவளுக்குத் தேநீர் ஊற்றினார். ஏழு நாள் அப்படியே பாக்கி நின்றது.