உறை போட்ட காருக்குள் பெரியப்பா

கண்ணுகளா, பெரியப்பா நோயில் விழுந்த வருஷம் உங்களை ஏன் கார் ஷெட் பக்கமே விடவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

கோபி பக்கம் நம் தோட்டத்தில் தேங்காய் போட்டுவைக்கும் கொட்டகையில் பாதிதான் அந்த ஷெட். தேங்காய் உரிக்கிற தூசி ஒரு பக்கம், பேனட்டில் ஏறி அடையும் கோழிகள் ஒரு பக்கம். அதனால் உங்கள் பெரியப்பா, என் அண்ணன், தன் ஃபியட் காருக்குக் காடாத் துணியில் உறை தைத்து வாங்கினார்.

“ஏனுங்க, கூரைக்குள்ள நிக்கிற வண்டிக்குச் சட்டை எதுக்குங்க?” என்றார் பக்கத்துத் தோட்டக்காரர்.

“உங்க எருமைக்கும் அளவு சொல்லுங்க, ஒண்ணு தெச்சுப்போடலாம்” என்றார் அண்ணன்.

அப்படிப் பேசியவருக்குத் தொண்ணூற்றாறாம் வருஷ வாக்கில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விளங்கவில்லை. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காரைத் துடைத்து, உறை போட்டு, இரண்டு பக்கமும் கயிற்றை அடியில் இழுத்துக் கட்டுவது என் வேலையானது. அண்ணன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து குறை சொல்வார். ஒரு வாரம் அதுவும் நின்றது. “எனக்கு இனி என்ன இருக்குது” என்று பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கிணற்றுப் பக்கம் ஒரு கண் வைக்கச் சொல்லிப் பெரியம்மா என்னிடம் அழுதார்.

ஒருநாள் மத்தியானம் நாற்காலி காலியாகக் கிடந்தது.

“தம்பி, அவரக் காணோமுங்க!” என்று பெரியம்மா ஓடிவந்தார்.

ஷெட்டை எட்டிப் பார்த்தேன். கார் மூடியபடியே நின்றது. கிணற்றுக்கு ஓடினேன். குனிந்து கத்தினேன், என் குரல்தான் திரும்பி வந்தது. ஆட்கள் கிணற்றில் துழாவித் தேடும் பாதாளக்கரண்டியோடு வந்தார்கள். அதைப் பார்த்ததும் பெரியம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இறங்கிப் பார்க்கலாம் என்று வடம் எடுக்க ஷெட்டுக்குத் திரும்பினேன். டிரைவர் பக்கத்து உறைக் கயிறு அவிழ்ந்து தரையில் கிடந்தது.

உறையைத் தூக்கினேன். அண்ணன் ஸ்டீயரிங் முன்னால், ஊன்றுகோலை மடியில் வைத்து, வேர்வையில் குளித்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. கதவைத் திறந்தேன்.

“என்னங்ண்ணா இது! மூச்சு முட்டிப்போயிருக்குமுங்க!”

“மூடு” என்றார். “இதுக்குள்ள இருந்தா எவனும் என்னைப் பாவமாப் பாக்கறதில்லடா.”

“அந்தத் துணியத் தீ வெச்சுப்போடுங்க தம்பி” என்றார் பெரியம்மா.

எனக்கு மனசு வரவில்லை. இந்த இடமும் இல்லையென்றால் அடுத்து எங்கே போவார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அப்படியே விட்டாலும் வெக்கையில் ஏதாவது ஆகிவிடும்.

மறுநாள் உங்களை அந்தப் பக்கம் வராமல் விரட்டிவிட்டு, நான்கு கண்ணாடியையும் இறக்கினேன். அண்ணனைக் கைத்தாங்கலாக உட்காரவைத்து, உறையை இழுத்துவிட்டு, நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். உள்ளே மங்கலாக இருந்தது. அவர் இடது காலால் கிளட்சை மிதித்தார்.

“ரெண்டாவது போடு.”

நல்ல கை ஸ்டீயரிங்கில் இருந்தது. நான் எட்டி கியரை மாற்றினேன்.

“எங்கீங்ண்ணா போறோம்?”

“பவானி தாண்டட்டும், சொல்றேன்.”

வெளியே காலடி கேட்டது. “ரெண்டு பேரும் உள்ளதான் இருக்கறீங்களா?” பெரியம்மாவின் குரல்.

“இருக்கறமுங்க” என்றேன்.