கோட்டைப் பார்த்து நின்ற தப்பு

மெல்போர்னில் நாங்கள் இருக்கும் பகுதியில் பாதசாரிக் கோட்டைப் பார்த்துக் காரை நிறுத்தினால், கடக்கிறவர் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போவார். பதிலுக்கு நானும் ஸ்டியரிங்கிலிருந்து நாலு விரலைத் தூக்குவேன். அவருக்குச் சேர வேண்டிய வழியை அவருக்கு விட்டதற்கு எதற்கு ஒரு நன்றி, அந்த நன்றிக்கு எதற்கு இன்னொரு நன்றி என்று ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது. பதினோரு வருஷம் கழித்து, யாராவது கையைத் தூக்காமல் போய்விட்டால் எனக்கே முகம் சுண்டிவிடுகிறது. இந்தப் பழக்கம் உள்ளே எப்போது புகுந்தது என்று தெரியாது. ஊருக்கு வந்த மூன்றாம் நாளே வெளியே வந்து என் மானத்தை வாங்கிவிட்டது.

கடலூரிலிருந்து சிதம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பியிருந்தோம். கார் என் மனைவியின் தம்பி குணாவுடையது. நான்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்துச் சாவியை வாங்கியிருந்தேன். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் காலை நெரிசல். தார்ச்சாலையில் பாதி அழிந்த வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. ஓரத்தில் கட்டைப்பையோடு ஒரு அம்மா நின்றிருந்தார். கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. அந்த அம்மா கடக்கவில்லை. என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் கையைக் காட்டினேன். அவர் நேராக என் ஜன்னலுக்கு வந்து குனிந்தார்.

“எங்க போவணும் தம்பி? பஸ் ஸ்டாண்டுக்கா? நேராப் போயி லெப்ட்ல திரும்புங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் டமாரென்று ஒரு சத்தம்.

டிரைவிங் ஸ்கூல் கார். நெற்றியில் சிவப்பு எல் எழுத்து. ஓட்டியவள் முப்பது வயதிருக்கும் ஒரு பெண். பக்கத்தில் காதில் போனோடு மாஸ்டர். என் பம்பர் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது, அவர்கள் நம்பர் பலகை வளைந்திருந்தது, அவ்வளவுதான். கூட்டம் சேர்ந்துவிட்டது. பின்னால் வந்து இடித்தால் பின்னால் வந்தவர் மேல்தான் தப்பு, இதில் பேச என்ன இருக்கிறது என்று மெல்போர்ன் சட்டம் முழுவதையும் தலையில் சுமந்துகொண்டு இறங்கினேன்.

“நடுரோட்ல சும்மா நிறுத்துனா, இடிக்காம இன்னா பண்ணுவாங்க?” என்றார் கைலி கட்டிய ஒருவர்.

“கோடு போட்டிருக்கே, பாக்கலியா?”

“கோடு எப்பவும்தான் சார் இருக்குது.”

பையோடு நின்ற அம்மாவும் சாட்சி சொன்னார்: “வழி கேக்கத்தான் நிறுத்துனாரு, பாவம். ஓரமா நிறுத்திட்டுக் கேட்டிருக்கலாம்.”

“வுடுங்க மாமா, போலாம்” என்று குணா என் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் விடுகிற ஆளா? எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. “உங்க காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கில்ல? போன்ல பேசிட்டிருந்தா அத யாரு மிதிக்கிறது?” என்று மாஸ்டரைக் கேட்டேன். அவரோ அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

“முன்னாடி வண்டி நிக்கிறது கண்ணுக்குத் தெரியல? நாளைக்கு டெஸ்டுக்கு நீ வர வாணாம். இன்னும் ஒரு மாசம் ஓட்டு.”

“சார், நாளைக்கு வுட்டா எங்க வூட்ல அப்புறம் அனுப்ப மாட்டாங்க சார். மீன் லோடு வண்டி வாங்கியாச்சு. நான் இல்லைன்னா வேற டிரைவர் போட்டுடுவாங்க” என்றாள். வண்டி நின்ற பிறகும் இரண்டு கையும் ஸ்டியரிங்கை விடவில்லை.

அந்தக் கைகள் எனக்குத் தெரிந்தவை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பதினைந்து வருஷம் வண்டி ஓட்டிய நான், மெல்போர்னில் முதல் டெஸ்டில் தோற்று, முப்பத்தெட்டு வயதில் மஞ்சள் எல் பலகையை மாட்டிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் சிக்னலில் மஞ்சள் விழுந்தது. மஞ்சள் விழுந்தால் அழுத்து என்பதுதான் நான் கற்றது. முன்னால் போன கார் நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. அதிலிருந்து இறங்கி வந்த வெள்ளைக்காரப் பாட்டி “ஆர் யூ ஓகே?” என்று மூன்று முறை கேட்டார். அடடா, மன்னித்துவிட்டார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மஞ்சளுக்கெல்லாம் இப்படி நிற்கக் கூடாது என்று வேறு எடுத்துச் சொன்னேன். “நோ வொரிஸ்” என்று சிரித்துக்கொண்டே என் லைசென்ஸைப் போட்டோ எடுத்துக்கொண்டார். இரண்டு வாரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: தவறு முழுவதும் என்னுடையது. கடிதத்தைவிட அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்குக் கோபம். அதற்குப் பிறகு எட்டு மாதம் ஸ்டியரிங்கைத் தொடவே பயம். என் மனைவி இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போவதை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் கொஞ்சம் சட்டென்று நிறுத்திவிட்டேன் என்று அந்தப் பாட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று அப்போது எத்தனையோ முறை நினைத்தேன்.

“தப்பு என்னோடதுதான்” என்றேன், மாஸ்டருக்கும் கூட்டத்துக்கும் சேர்த்து. “திடீர்னு நிறுத்திட்டேன். யாரு வந்திருந்தாலும் இடிச்சிருப்பாங்க. அவங்க மேல ஒண்ணும் இல்ல.”

“அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல சார்” என்றார் மாஸ்டர். கூட்டம் கலைந்தது. “சரி, வண்டிய எடு. காலைல ஆறு மணிக்கெல்லாம் ரெடியா இரு” என்றார் அவளிடம். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னையே உற்றுப் பார்த்தாள்.

“கோடு போட்ட எடத்துல நிறுத்தணும்னுதான் சார் புக்குல இருக்குது. அதப் படிச்சுதான் நான் எல்எல்ஆர் வாங்குனேன்.”

நான் காரில் ஏறிக்கொண்டேன். அங்கே பின்னால் போய் இடித்ததும் என் தப்பு, இங்கே முன்னால் நின்றதும் என் தப்பு. எந்தச் சாலையில் நான் ஒழுங்காக ஓட்டுவேன்? அவளுக்கு உதவி செய்தேனா, அவள் படித்ததைப் பொய்யாக்கினேனா? மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

சற்றுத் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மறுபடியும் கோடுகள். சீருடை போட்ட சிறுமியைக் கையில் பிடித்தபடி ஒருத்தி காத்திருந்தாள். நான் முதலில் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் அந்த எல் கார், அதற்கும் பின்னால் டவுன் பஸ். என் கால் பிரேக்குக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. நிற்காமல் கடந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். எல் கார் நின்றிருந்தது, கோட்டைத் தொடாமல் நன்றாகவே தள்ளி. பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சிறுமியோடு நின்றவள் முதலில் தயங்கினாள். பிறகு பிள்ளையை இழுத்துக்கொண்டு குடுகுடுவென்று ஓடிக் கடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து என் நாலு விரல்கள் தானாக எழுந்தன.

“யாருக்கு மாமா கை காட்டுறீங்க?” என்று குணா திரும்பிப் பார்த்தான்.

“தெரிஞ்சவங்கதான்” என்றேன்.