றெஜினாவின் காசும் நான் உரசித் தொலைத்த சிவப்புப் பொட்டும்

நேற்றுக் காலை என் குசினி அடுப்படியில் பன்னிரண்டு செப்புக்காசுகளைக் குளிப்பாட்டினேன்!

(சிரிப்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.)

முல்லைத்தீவுக் கரையில் நாணய ஆராய்ச்சி என்றால் அடியேன்தான். என்னிடம் ஒரு பூதக்கண்ணாடியும் ஏழு பழங்காசுகளும் உண்டு. உலகத்து அருங்காட்சியகங்கள் என் ஒரு வார்த்தைக்காகச் சோறு தண்ணீர் இல்லாமல் காத்துக்கிடப்பதாக இந்த முகநூல் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெயரை நம்பித்தான் பக்கத்து வளவு றெஜினா ஒரு பால்மாத் தகரப் பேணியோடு வந்தாள்.

அவள் கணவன் சூசை கடற்றொழிலாளி. போரின் கடைசி இடம்பெயர்வில் காணாமற் போனவன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

போன கிழமை அவள் வளவில் மலசலகூடக் குழி வெட்டும்போது அலவாங்கு 'டங்' என்று எதிலோ இடித்தது. வெட்டிய இரண்டு பேரும் கண்ணிவெடிப் பயத்தில் அடுத்த நொடி தூரத்துக் கொக்கிளாயில் நின்றார்கள்! (நானும் ஓடினேன். செய்தி சேகரிக்க!)

வெடிபொருள் இல்லை. இந்தப் பேணிதான். உள்ளே பொலித்தீனில் சுற்றிய, பச்சைக் களிம்பேறிய காசுகள்.

"அண்ணை, இதுகளைக் கழுவி வடிவாப் பாருங்கோ. என்னத்தைக் கண்டாலும் எனக்குச் சொல்லுங்கோ."

"ஏன் தங்கச்சி, இது சூசை மண்ணுக்கை தாட்டதுதானே?"

"அதுதானே தெரியேல்லை. அந்த நேரம் எங்கட வளவிலை ஆறு குடும்பம் தறப்பாள் கொட்டில் கட்டி இருந்தது. வெளிக்கிடேக்கை எல்லாரும் ஒவ்வொண்டைத் தாட்டுப்போட்டுத்தான் போனவை. இவரும் பழங்காசு சேத்தவர். ஆரின்ர காசெண்டு எனக்குத் தெரியவேணும் அண்ணை."

"சூசை ஏதும் அடையாளம் போட்டவனோ?"

பேணியை என் கையில் வைத்தாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

போய்விட்டாள்.

பழங்காசைக் கழுவ முதல் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். படம் எடுக்க வேண்டும். புளி, தேசிக்காய்ச்சாறு பக்கமே போகக்கூடாது. இதையெல்லாம் உங்களுக்குப் போதித்தவனே நான்தான்!

ஆனால் மனைவி வவுனியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். குசினி என் ஆட்சியில்! எங்கள் வீட்டில் பெருநாள் வந்தால் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் புளி, உப்பு, சாம்பல் போட்டுத் தேங்காய்த் தும்பால் உரசுவோம். மினுங்காவிட்டால் அது கழுவியதாகக் கணக்கில்லை.

கை பழக்கத்துக்குப் போனது. உரசினேன்.

பச்சை கழன்றது. ஒவ்வொரு காசின் ஓரத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அரை அரிசி அளவு.

செம்பில் சிவப்பாகவும் களிம்பு வரும் என்று எங்கோ வாசித்திருந்தேன். (அரைகுறை வாசிப்பு ஆளைக் கொல்லும்.) இன்னும் அழுத்தி உரசினேன். பன்னிரண்டிலும் போயிற்று. தண்ணீரை வாழையடியில் ஊற்றினேன்.

அதன் பிறகுதான் படம் எடுத்தேன். அழுக்குக் காசைப் போட்டால் எவன் லைக் போடுவான்?

பின்னேரம் றெஜினா வந்தாள்.

"என்ன கண்டியள் அண்ணை?"

"என்னத்தைக் காணேல்லை எண்டு கேள்! ஒல்லாந்தற்றை, டச்சுக்காரற்றை காசு தங்கச்சி! கப்பலோடை தாண்டது! கடலே கொண்டுவந்து கரையிலை போட்டிருக்கு!"

"அது கிடக்கட்டும். காசிலை வேறை ஏதும் இருந்ததோ?"

என் வேலையில் குறை பிடிக்கிறாள் என்று நினைத்தேன். பெருமை பொங்கிவிட்டது.

"என்ன கதை கதைக்கிறாய்! ஒரு சின்னக் கறைகூட இருக்கேல்லை. பிறந்த பிள்ளை மாதிரிக் கிடந்தது!"

றெஜினா மெதுவாகக் கதிரையில் இருந்தாள்.

"அப்ப இது என்ர மனுசன்ரை காசு இல்லை."

"ஏன் அப்பிடிச் சொல்லுறாய்?"

"வாடைக் காத்துக்குக் கடல் கரையை அரிச்ச பிறகு அவரும், பிறகு தன்ரை காசெல்லாத்தையும் கொண்டு வெளிநாடு போன என்ர தமையனும் கரையிலை காசு பொறுக்கிறவை. ரண்டு பேற்றையும் கலந்திடக்கூடாதெண்டு, என்ர கலியாணத்துக்கு வாங்கின சிவப்பு நகப்பூச்சை எடுத்துத் தன்ரை காசெல்லாத்திலையும் பொட்டு வைச்சவர். நான் கோவத்திலை அவரோடை ரண்டு நாள் கதைக்கேல்லை."

துள்ளி எழுந்தேன்.

"இருந்தது தங்கச்சி! சிவப்பு! பன்னிரண்டிலையும் இருந்தது! நான்தான் களிம்பெண்டு உரசிப்போட்டன்!"

"வேண்டாம் அண்ணை. என்னைத் தேத்தவேண்டாம்."

"மாதாவாணை இருந்தது!"

"முதலே சொன்னால் இல்லாததையும் கண்டிருப்பியள். அதாலைதான் நான் வாய் திறக்கேல்லை. குளத்து முதலை உங்களுக்கு வணக்கம் சொன்னதெண்டு எழுதின ஆள்தானே நீங்கள்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

காசுகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

"ஞாயிறு பூசை முடிய பங்குச் சுவாமியைக் கொண்டு அறிவிக்கப்போறன். தாட்ட ஆக்கள் வந்து எடுக்கட்டும். ஆரின்ரையோ பொருளை நான் வைச்சிருக்கேலாது."

அவள் போனதும் பூதக்கண்ணாடியோடு வாழையடியில் குந்தினேன். பொழுதுபடும்வரை மண்ணைக் கிளறினேன். கோழிகள் எனக்கு முன்னமே கிளறியிருந்தன. சாம்பலும் புளிக்கோதும்தான் மிச்சம்.

உறவுகளே, இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதியதில் முக்கால்வாசி புளுகு. சிரிக்கத்தானே என்று எழுதினேன். நீங்களும் சிரித்தீர்கள்.

இது புளுகு இல்லை. சிவப்புப் பொட்டை என் கண்ணால் கண்டேன்.

ஆனால் நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நம்பவைக்க ஒரு வழிதான் இருக்கிறது.

கடைசி இடம்பெயர்வில் றெஜினா வளவில் தறப்பாள் கட்டி இருந்த ஆறு குடும்பத்தில் யாராவது இதை வாசித்தால், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவளிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். 'நாங்கள் அங்கை காசு ஒண்டும் தாட்டுவைக்கேல்லை.' அவ்வளவு போதும். ஆறு வீடும் அப்படிச் சொன்னால், பேணி சூசையுடையதுதான்.

லைக் வேண்டாம். பகிருங்கள்.

ஆறு வீட்டிலும் சொல்ல ஆள் மிஞ்சியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.