சரோஜா ஆன்ட்டியின் கஞ்சா அட்டை

நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்த புதிதில், எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பின்னால் நாற்றம் பீச்சும் ஸ்கங்க் என்ற பிராணி ஒன்று குடியிருக்கிறது என்று உறுதியாக நம்பினேன். சாயங்காலமானால் அந்த நாற்றம் வரும், ஜன்னலைச் சாத்துவேன். ஒருநாள் மேல்வீட்டு அமெரிக்கரிடம், "உங்களுக்கும் ஸ்கங்க் தொல்லை உண்டா?" என்று அனுதாபத்தோடு கேட்டேன். அவர் முகம் சிவந்து, "ஸாரி, இனிமேல் பால்கனிக் கதவை மூடிக்கொள்கிறேன்" என்றார். அது ஸ்கங்க் இல்லை, அவர் புகைத்த கஞ்சா என்பது, வீட்டில் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்த பிறகுதான் விளங்கியது.

புரியாததற்குக் காரணம் உண்டு. அப்பா கரூரில் மதுவிலக்குப் பிரிவில் ஏட்டாக இருந்தவர். எனக்குத் தெரிந்த கஞ்சா செய்தித்தாளில் மட்டும்தான் வரும். முன்னால் பொட்டலங்கள், நடுவில் தலைகுனிந்த இருவர், பின்னால் விறைப்பாகப் போலீஸ்காரர்கள். அப்பாவின் தொப்பி மட்டும் தெரிந்தால்கூட அம்மா கூடுதலாகச் சில பிரதிகள் வாங்கிவிடுவாள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என்னிடம்தான் சரோஜா ஆன்ட்டி, "கஞ்சா வாங்கணும் மல்லிகா, டிராப் பண்றியா?" என்று வெண்டைக்காய் வாங்கப் போவதுபோல் கேட்டார்.

ஆன்ட்டி எதிர் பிளாக்கில் தனியாக இருப்பவர். மயிலாப்பூர்க்காரர். இங்கே மாநில அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகன் டெக்சாஸில். மார்பில் கட்டி வந்து கீமோ ஆரம்பித்ததும் ரசத்தின் வாசனைக்கே குமட்டியது. நான் கொண்டுபோன கஞ்சித் தண்ணீரும் தங்கவில்லை. வாரத்துக்கு வாரம் அவர் உடம்பு சுருங்குவதைப் பார்க்கவே பயமாக இருந்தது. வாந்திக்குக் கொடுத்த மாத்திரைகள் எதுவும் கேட்காததால், மருத்துவக் கஞ்சாவுக்கு டாக்டரே மாநிலத்தில் அவர் பெயரைப் பதிந்துவிட்டார். அடையாள அட்டைக்கு போட்டோ வேண்டும் என்றதும், ஆன்ட்டி விக்கைச் சீவிக்கொண்டு பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்தார்.

நோயாளிக்காக வாங்கி வர இன்னொருவரை 'கேர்கிவர்' என்று பதியலாம். ஆன்ட்டி என் பெயரைச் சொன்னார். எனக்கோ சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வரவிருந்தது. வக்கீலுக்குப் போன் போட்டேன்.

"நியூ ஜெர்சிக்கு இது மருந்தும்மா. ஃபெடரல் கவர்மென்ட்டுக்கு இது போதைப்பொருள். உங்களுக்கு சிட்டிசன்ஷிப் குடுக்கறது நியூ ஜெர்சி இல்ல" என்றார் அவர். "வாங்காதீங்க, தொடாதீங்க, கடைக்குள்ளயே போகாதீங்க."

ஆன்ட்டியிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னதும் அட்டையை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "சரி, நீ வெளியிலயே நில்லு. நானே போயிக்கறேன்" என்றார்.

கஞ்சாக் கடைக்குப் பக்கத்தில், நாய்களுக்குத் தீனி விற்கும் கடை முன்னால், எனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் காரை நிறுத்தினேன். கூலிங் கிளாஸ் வேறு. நாலு படி ஏறுவதற்குள் ஆன்ட்டி இரண்டு தரம் கம்பியைப் பிடித்து நின்றார். கைத்தாங்கலாகக்கூடப் போகமுடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அமெரிக்கக் குடியுரிமைமேல் எனக்கு வெறுப்பு வந்தது அன்று ஒருநாள்தான்.

உள்ளே நடந்ததைத் திரும்பும் வழியில் சொன்னார். மூக்குத்தி போட்ட பையன் ஒருவன், "என்ன மாதிரி எக்ஸ்பீரியன்ஸ் எதிர்பார்க்கறீங்க, மேம்?" என்று கேட்டிருக்கிறான்.

"தர்ட்டி இயர்ஸ், ஸ்டேட் கவர்மென்ட்" என்றிருக்கிறார் ஆன்ட்டி.

"இல்ல மேம், இத எடுத்ததுக்கப்புறம் எப்படி இருக்கணும்?"

"ரெண்டு இட்லி சாப்பிட்டா உள்ள நிக்கணும்."

இட்லி என்றால் என்னவென்று விளக்கியதும், நாக்கில் கரையும் மிட்டாய் ஒன்றைக் கொடுத்தானாம். இதை வீட்டிலேயே தொட்டியில் வளர்க்கலாமா என்று கேட்டதற்கு அவன் முகம் வெளிறிவிட்டது. நோயாளியே ஆனாலும் இந்த மாநிலத்தில் ஒரு செடிகூட வைக்கக்கூடாதாம். "இந்தப் பனியில கறிவேப்பிலையையே பொழைக்க வெச்சிருக்கேன், இது என்ன பெரிய செடி!" என்று ஆன்ட்டி பொருமினார். பொட்டலத்தை டிக்கியில் அவரையே வைக்கச் சொல்லியிருந்தேன். ரூட் ஒன் நெடுஞ்சாலையில் போலீஸ் கார் ஒன்று பின்னால் வர, நான் வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன். "நிறுத்தினா நிறுத்தட்டும், என் கார்டைக் காட்டறேன். போட்டோ நன்னாத்தான் வந்திருக்கு" என்றார்.

மறுநாள் காலை போன் வந்தது. "மல்லிகா, ரெண்டு இட்லி. நின்னுடுத்து." நான் அழுதுவிட்டேன். அவர் சட்னிக்கு உப்பு பற்றாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

விஷயம் டெக்சாஸ் போனதும் மகன், "அம்மா, ஆர் யூ டூயிங் ட்ரக்ஸ்?" என்று அலறினான். தன்னோடு வந்துவிடும்படி கெஞ்சினான். இந்த அட்டை அங்கே செல்லாது. அந்த ஊர்வாசியாகி, வேறு டாக்டரைப் பிடித்து, முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். "இங்க நான் பேஷன்ட். அங்க பையோட வந்து இறங்கினா அக்யூஸ்ட். நீ கிளம்பி வா" என்றார் ஆன்ட்டி. அவனும் லீவு போட்டு வந்தான். அம்மா தோசை கேட்டுச் சாப்பிடுவதைப் பார்த்த பிறகு 'ட்ரக்ஸ்' என்ற வார்த்தையை அவன் சொல்லவே இல்லை.

இன்டர்வியூவில் அதிகாரி போதைப்பொருள் பற்றிக் கேட்டார். கேள்வி முடியுமுன்னே "நோ சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆனாலும் பாஸ் போட்டுவிட்டார்.

கையை உயர்த்திக் குடியுரிமை உறுதிமொழி சொன்ன வாரமே ஆன்ட்டிக்கு மிட்டாய் தீர்ந்தது. மகன் ஊருக்குத் திரும்பியிருந்தான். கீமோ இன்னும் பாக்கி. கட்டி சுருங்கியிருந்தது, ஆன்ட்டியின் குரல் வளர்ந்திருந்தது. "இனிமே உன்னை யாரும் நாடு கடத்த முடியாது. உள்ள வா" என்றார். கடை வாசலிலேயே காரை நிறுத்தி, அவர் கையைப் பிடித்துப் படியேற்றினேன். தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு விலக, குளிருக்கு இதமாக உள்ளிருந்து கதகதப்பு வந்தது. ஆன்ட்டி என் கையை விட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

என் வலது கால் உள்ளே போனது. இடது கால் வரவில்லை. அதற்கு யாரும் உறுதிமொழி செய்துவைக்கவில்லை போலும். கதவு மூட வந்தது, என்னைக் கண்டு திறந்தது. மறுபடி மூட வந்தது, மறுபடி திறந்தது. காவலாளி புன்னகையோடு காத்திருந்தார். உள்ளே வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்க்க, ஆன்ட்டி தமிழில் கத்தினார்:

"ஒண்ணு உள்ள வா, இல்ல வெளிய போ! ஹீட்டெல்லாம் வெளிய போறது பாரு!"