ஐந்தாம் பாடத்துக்கு வந்த விடை

பாடம் 1: 9.1.1987, மதிப்பெண் 62
பாடம் 2: 20.2.1987, மதிப்பெண் 58
பாடம் 3: 6.5.1987, மதிப்பெண் 71
பாடம் 4: 11.6.1987, மதிப்பெண் 66
பாடம் 5: வினாத்தாள் அனுப்பியது 15.6.1987. விடை இல்லை.

தபால் வழிக் கிறிஸ்தவ வேதபாடப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் விடைத்தாள் திருத்திப் பதிவேடு எழுதினேன். மாணவர்கள் நாலாயிரத்து இருநூற்று எட்டுப் பேர். மேலே உள்ள கணக்கு அவர்களில் ஒருவருடையது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவர், கணவரை இழந்தவர்.

ஐந்தாம் பாடம்தான் கடைசி. தலைப்பு, ஆசீர்வாதம். முதல் கேள்வி: உன்னைச் சபித்தவருக்கு நீ என்ன செய்ய வேண்டும்? ‘ஆசீர்வதிக்க வேண்டும்’ என்று எழுதி எல்லோரும் ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். இவர் பதினோரு மாதமாகியும் அனுப்பவில்லை. ஓராண்டு கடந்தால் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது விதி. மூன்று நினைவூட்டுக் கடிதத்துக்கும் பதில் இல்லாததால், மே மாதம் நானே நேரில் போனேன்.

சலவைக்கூடத்து ஆவியில் என் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. இரண்டு பெண்கள் ஒரு விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். நான் யாரென்று சொன்னதும் ஒருத்தி சிரித்தாள்.

“வாத்தியாரே தேடி வந்துட்டாரு. நீ பெயில்தான்டி!”

“நீ வாயை மூடிக்கிட்டு முனையைப் பிடி” என்றார் நான் தேடி வந்தவர்.

“பதில் தெரியலையாம்மா?” என்று கேட்டேன்.

“தெரியும் ஐயா. ஆனா இன்னும் செய்யலையே. செய்யாம எழுதினா காப்பி அடிச்ச மாதிரி ஆகாதா?”

கணவர் இறந்த அன்று, ‘என் தம்பியை முழுங்கினவ நீ, உருப்படவே மாட்டே’ என்று நாத்தனார் ஊரறியச் சபித்தாராம்.

“மூணு தடவை அவங்க வாசல் வரைக்கும் போனேன். ‘நல்லா இருங்க’ன்னு வாய் சொல்லிரும். மனசு ‘நாசமாப் போ’ங்குது. தேவனுடைய ராஜ்யம் நமக்குள்ளேயே இருக்குன்னு நாலாம் பாடத்துல போட்டிருந்தீங்க. உள்ளே பார்த்தா இந்தக் கோபம்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கு.”

“சும்மா எழுதிக் குடுங்கம்மா. இல்லேன்னா பெயரை அடிச்சிருவாங்க.”

“சான்றிதழ் எனக்கு வேணும் ஐயா. சுவத்துல ஆணிகூட அடிச்சு வச்சிருக்கேன். அதுக்காகப் பொய் எழுத முடியுமா?”

திரும்பும் வழியெல்லாம் என் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தக் கேள்விக்கு ஆயிரக்கணக்கில் ‘சரி’ போட்ட கை இது. அவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே ஆசீர்வதித்தார்கள்? அதற்கு என்னிடம் ஒரு பதிவும் இல்லை. நான் ஒருவரையாவது ஆசீர்வதித்திருக்கிறேனா என்று யோசித்தேன். தேதி சொல்ல முடியவில்லை.

ஜூன் பதினைந்து கடந்தது. தினமும் காலையில் சிவப்புப் பேனாவை எடுப்பேன், மூடி வைப்பேன். என் வேலைக்காலத்தில் நான் மீறிய விதி அது ஒன்றுதான்.

பிறகு விடை வந்தது. அரைப் பக்கம், பென்சிலில்.

‘நாத்தனாரை மருந்துக்கடை வரிசையில் பார்த்தேன். அறுந்த செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தார். அதைப் பார்த்ததும் கோபம் எழுந்து போய்விட்டது. நல்லா இருங்க என்றேன். மனசும் அதையே சொன்னது. அவர் திருப்பி என்ன சொன்னார் என்று பாடத்தில் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.’

எழுந்து நின்றுதான் அதை வாசித்து முடித்தேன். பள்ளித் தலைவரிடம் நடந்ததைச் சொல்லி, சான்றிதழில் கையெழுத்து வாங்கினேன். வந்த தேதியை மட்டும் கெடுவுக்கு முந்தியதாக மாற்றிப் போடவில்லை. பதிவேட்டில் உள்ளபடி, அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது கெடு முடிந்து ஒன்பதாம் நாள், 24.6.1988.