பதினோரு ஒடுக்கு

கார் பட்டறையில் இருபத்தாறு வருஷம் டிங்கரிங் பார்த்தவன் நான். பட்டறையை மூடிவிட்டார்கள். வேலை தேடி அலைந்து, கடைசியில் புதுச்சேரியிலேயே உலோகக் கிட்டார் செய்யும் ஓரிடத்தில் சேர்ந்தேன். கிட்டாரை அதுவரை தொட்டதுகூட இல்லை. முதலாளி பெலிக்ஸை எல்லாரும் முசியே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தகடு வேலை தெரியுமில்ல, போதும். ஒரு வாரம் பாக்கறேன் வேலு. சரிப்பட்டா இரு, இல்லன்னா கெளம்பு" என்றார். வேலை கிடைத்ததற்கே வீட்டில் பாயசம் வைத்துவிட்டார்கள்.

முதல் நாள் காலை, முசியே மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். மேசைமேல் ஒரு கிட்டார். உடம்பு முழுக்கப் பித்தளை, நடுவில் பெரிய வட்ட ஓட்டை. அந்த ஓட்டைக்குள் கோன் உட்காரும். விரல் அழுத்தினால் நசுங்கிவிடும் மெல்லிய அலுமினியக் கூம்பு அது. மைக் இல்லாமலே சத்தத்தைத் தெருக்கோடி வரை கொண்டுபோவது அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்று என் கண்ணில் பட்டது ஒடுக்கு மட்டும்தான். எண்ணினேன், பதினொன்று. போதாததற்கு மேலெல்லாம் கறுப்பு. திறமையைக் காட்ட நல்ல சமயம் என்று உள்ளே முட்டாக டாலிக் கட்டையைக் கொடுத்து, வெளியே சுத்தியலால் தட்டித் தட்டிப் பதினொன்றையும் எடுத்தேன். பஃபிங் போட்டுக் கறுப்பையும் தேய்த்து எடுத்தேன். முகம் பார்த்துத் தலை சீவலாம்.

முசியே வந்தார். மீன் பை கீழே விழுந்தது.

"மோன் தியே, கடவுளே! ஒடுக்கு எங்கய்யா?"

"எடுத்துட்டேன் முசியே. ஒண்ணு பாக்கியில்ல."

"அடப்பாவி! பத்து நாளா நானே உக்காந்து அடிச்ச ஒடுக்குய்யா அது! அவிச்ச முட்டையோட மூட்டை கட்டி வெச்சு ஏத்துன கறுப்பு!"

புதுக் கிட்டார், ஆனால் ஐம்பது வருஷம் அடிபட்டதுபோல இருக்க வேண்டும். வாங்குபவரின் ஆசை அது. லாஸ்பேட்டையில் ஒரு பேராசிரியர். மறுநாள் சாயங்காலம் வருகிறாராம்.

"நீயே அடி. இல்லன்னா இப்பவே கெளம்பு."

சுத்தியலை ஓங்கினேன். ஒடுக்கு எடுத்தே பழகிய கை, இறங்கவில்லை. அவமானமாக இருந்தது. பிறகு யோசித்தேன். முசியே அடித்ததெல்லாம் ஒரே அளவு வட்டம். நிஜ அடி அப்படி விழாது. அது எப்படி விழும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பெரிய பக்கிள் வைத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கிட்டாரை வயிற்றோடு இடித்தபடி பட்டறையைச் சுற்றினேன். சுவரில் சாய்த்து வழுக்கவிட்டேன். மாடிப்படியில் இரண்டு படி உருட்டினேன். முசியே சிலுவை போட்டுக்கொண்டே கீழே நின்று பிடித்தார். பதினொன்று சேர்ந்ததும், முட்டை ஆவியில் பித்தளை கறுக்கட்டும் என்று இரண்டு டஜன் முட்டை அவித்துக் கிட்டாரோடு மூட்டை கட்டினோம்.

மறுநாள் கோன் பொருத்தி, தந்தி ஏற்றிக் கொடுத்தோம். பேராசிரியர் முட்டை நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தார். ஆனால் வாசித்தாரே! எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்ட அம்மா எட்டிப் பார்த்தார். நான் தட்டிய தகடா இப்படிப் பேசுகிறது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒவ்வொரு ஒடுக்கும் நெஜமாவே அடிபட்ட மாதிரி இருக்கு சார்" என்று சொல்லி எடுத்துப் போனார்.

பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார், முகம் செத்துப்போய்.

"கார்ல ஏத்தறப்ப கதவு இடிச்சிடுச்சு. எவ்ளோ அசிங்கமா இருக்கு பாருங்க. இத மட்டும் எடுத்துக் குடுங்க."

இருந்ததிலேயே அழகான ஒடுக்கு அதுதான். முசியே என்னைப் பார்த்தார். அந்தக் கடையில் ஒடுக்கு எடுக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

"பன்னெண்டாவது மட்டும், வேலு. மத்தது மேல கைய வெச்சே..."

பன்னிரண்டாவதை மட்டும் எடுத்தேன். ஒரு வாரம் என்ற பேச்சை முசியே பிறகு எடுக்கவே இல்லை. இப்போது யார் எதைக் கொண்டுவந்து வைத்தாலும் முதலில், "எந்த ஒடுக்கு வேணும், எந்த ஒடுக்கு வேணாம்?" என்று கேட்பேன். பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களும் அப்படியே நில்லுங்கள்.